ஆம்பிளைக் கார்ட்

என் மச்சாள் பெற்றிசியாவின் கை சும்மா இருந்து நான் கண்டதில்லை. பூசைக்குப் போனாலும், சுவாமியார் பிரசங்கம் வைக்கிற நேரத்தில், பாட்டுத் தாளை மடித்து மடித்து ஒரு கொக்கு ஆக்கிவிடுவாள். பிறகு எல்லோரும் எழுந்து பாடும்போது கொக்கைப் பிரித்து, மடிப்புகளுக்குள் எழுத்தைத் தேடுவாள். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் மானம் போகும்.

ஓலைத்தொடுவாய் முன்பள்ளியில் அவள் ஆசிரியை. நேசரி என்றுதான் ஊரில் சொல்வோம். அங்கே வருகிற இருபத்தாறு பிள்ளைகளுக்கும் பிறந்தநாளுக்கு ஆளுக்கொரு கார்ட் தன் கையால் செய்து கொடுப்பாள். கடையில் வாங்கிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நான் கேட்டிருக்கிறேன். "கடைக் கார்ட்டில பிள்ளையின்ர பேர் இராது மச்சாள்" என்பாள்.

வயது முப்பத்தொன்பது. சொந்த ஊர் இலுப்பைக்கடவை. இரண்டு வருடத்துக்கு முன்னர் என் அண்ணன் பஸ்ரியனைக் கல்யாணம் முடித்து எங்கள் வளவுக்கு வந்தாள். அண்ணனுக்கு அது இரண்டாம் தாரம். முதல் மனைவி எமில்டா சிறுநீரக வருத்தத்தில் போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது. ஒரே மகன் றொசாந்தன், தகப்பனோடு கடலுக்குப் போகிறவன். அண்ணனுடைய வீடும் என்னுடைய வீடும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன, இடையில் வேலி கிடையாது. அந்த வீட்டில் தேங்காய் துருவினாலும் எனக்குக் கேட்கும். பிரேமிளா ஒட்டுக்கேட்கிறவள் என்று ஊரில் கதைப்பார்கள். கதைக்கட்டும். காதை என்ன கழற்றியா வைக்க முடியும்?

அப்படிக் கேட்டுக் கேட்டு எனக்குத் தெரியவந்த விசயம் இதுதான். இந்த இரண்டு வருடத்தில் றொசாந்தன் பெற்றிசியாவை ஒரு நாளும் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. அம்மா என்று சொல்ல வேண்டாம், அது எவருக்கும் லேசில் வராது. சின்னம்மா என்றாவது சொல்லலாமே. "சோறு இருக்கோ?" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்பான். "சாறம் காயேல்ல" என்று கொடியைப் பார்த்துச் சொல்வான். அவசரமென்றால் கடற்கரையில் இருந்து எனக்குத்தான் ஃபோன் எடுப்பான். "மாமி, வீட்டில ஆள் நிக்குதோ?" ஆளாம், ஆள்! மரியாதை தெரியாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். சண்டை பிடிக்க மாட்டான், முகம் சுளிக்க மாட்டான், அவள் வைத்த கறியைக் கோப்பை வழித்துத் தின்பான். கூப்பிட மட்டும் மாட்டான். அவளுடைய நம்பரைத் தன் ஃபோனில் என்ன பெயரில் போட்டிருக்கிறான் என்று ஒரு நாள் களவாகப் பார்த்தேன். 'நேசரி' என்று இருந்தது.

அவள் இதைப் பற்றி என்னிடம் ஒரேயொரு முறைதான் வாய் திறந்தாள். இருவரும் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தோம்.

"நேசரியில பிள்ளையள் நாளுக்கு நூறு தரம் ரீச்சர் ரீச்சர் எண்டு கூப்பிடுதுகள், மச்சாள். வீட்டுக்கு வந்தா எனக்கொரு பேருமில்ல."

நான் கத்தியைக் கழுவுகிற சாட்டில் எழும்பிப் போய்விட்டேன்.

ஏன் எழும்பினேன் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அண்ணனுடைய கல்யாணத்தன்று றொசாந்தன் கோயிலுக்குப் பின்னால் போய்த் தனியாக நின்றான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. எமில்டா எனக்கு மச்சாள் மட்டுமல்ல, பள்ளிக்கூடத்தில் இருந்து சிநேகிதி. எனக்கும் அன்றைக்கு நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது. அவனுடைய தலையைத் தடவி, "அழாத மோனை. உனக்கு ஒரு அம்மாதான். வேற ஒருத்தியையும் நீ முறை சொல்லிக் கூப்பிடத் தேவையில்ல" என்று சொன்னவள் நான்தான். பொடியன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொள்வான் என்று யாருக்குத் தெரியும்? ஆறு மாதத்துக்குள் எனக்குப் பெற்றிசியாவைப் பிடித்துப்போய்விட்டது. சொன்னதைத் திருப்பி எடுக்கத்தான் வாய் வரவில்லை. மற்ற எல்லாத்துக்கும் வருகிற வாய்.

போன வருடம் அவனுடைய பிறந்தநாளுக்கும் அவள் ஒரு கார்ட் செய்தாள். ரோசா நிற மட்டை, ரிபனில் சுருட்டிய பூக்கள், மேலே மினுக்கல் தூள். நேசரிக்குச் செய்து பழகிய கை, வேறு என்ன வரும்? அவனுடைய கூட்டாளி டிலக்‌ஷன் வந்திருந்த நேரத்தில் அதைக் கொடுத்ததுதான் பிழையாகப் போயிற்று. "என்னடா மச்சான், சாமத்தியவீட்டுக் கார்ட்டோ?" என்று, பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் அடிக்கிற அழைப்போடு அதை ஒப்பிட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். றொசாந்தன் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. கார்ட்டைக் குளிர்சாதனப்பெட்டிக்கு மேலே கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான். அது அங்கேயே கிடந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, ஒரு நாள் குப்பையோடு போயிற்று.

இந்த வருடம் அவனுக்கு இருபத்தொன்று. எங்கள் பக்கத்தில் இருபத்தொன்று என்றால் சாதாரணப் பிறந்தநாள் இல்லை. பிள்ளை ஆளாகிவிட்டான் என்று நாலு பேர் அறியச் செய்கிற நாள். ஜூலை பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய வியாழன் மத்தியானம் பெற்றிசியா ஃபோனையும் தூக்கிக்கொண்டு என் குசினிக்குள் வந்தாள். சட்டியில் வெங்காயம் கருகிக்கொண்டிருந்தது, அவள் அதைக் கவனிக்கவில்லை.

"மச்சாள், ஆம்பிளைக் கார்ட் எப்பிடிச் செய்யிறது?"

"ஆம்பிளைக் கார்ட்டோ? அப்பிடியும் ஒண்டு இருக்கோ?"

இருக்கிறதாம். ஒரு வெள்ளைக்காரப் பெண் வீடியோவில் அதை ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். ஒரு கார்ட்டில் ரை, ஒன்றில் முறுக்கு மீசை, ஒன்றில் பழங்காலத்துக் கார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உவன் கழுத்தில ரை கட்டினது முதல் நன்மை எடுத்தண்டு மட்டும்தான். அதையும் பூசை முடிய முந்திக் கழட்டி எறிஞ்சவன். மீசை இன்னும் ஒழுங்கா முளைக்கேல்ல. காரை விடுங்கோ, அவன்ர சைக்கிளுக்குச் செயினே இல்ல."

"அப்ப அவன்ர சாமான் என்ன?"

"வலை, படகு, மீன். வேற என்ன இருக்கு?"

அவள் குசினி வாசலுக்கும் அடுப்புக்கும் இடையே நாலு தரம் நடந்தாள். பிறகு சீலையைக்கூட மாற்றாமல் மன்னார் பஸ்சுக்கு ஓடினாள். பின்னேரம் திரும்பி வரும்போது கையில் ஒரு போத்தல் இந்தியன் இங்க், கட்டி மட்டை, மெல்லிய தாள் ஒரு கட்டு.

ஆனால் இது சோளகக் காற்றுக் காலம். சோளகம் வீசத் தொடங்கினால் எங்கள் மன்னார்த் தீவில் மனுசருக்கு நிம்மதி இல்லை. சோற்றுக்குள் மணல், கண்ணுக்குள் மணல், கடற்கரைக் காற்றாலைகள் இரவு பகலாக உறுமிக்கொண்டே இருக்கும். கடல் குழம்பிக் கிடப்பதால் ஆண்கள் அரைவாசி நாள் வீட்டில் நின்று எல்லோருடனும் எரிந்து விழுவார்கள். கடதாசி வேலை செய்வதற்கு இதைவிடக் கூடாத காலம் தேடினாலும் கிடைக்காது.

வெள்ளிக்கிழமை நேசரி முடிந்து வந்ததும் அவள் மட்டையைச் சாயத் தேத்தண்ணியில் ஊறவைத்தாள். பளிச்சென்ற வெள்ளை பெண்பிள்ளைத்தனமாம், பழுப்பேறினால் பழைய கடல் வரைபடம் மாதிரி இருக்குமாம். ஊறியதைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். காற்று கிளிப்போடு சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போய் ஒழுங்கையில் போட்டது. அங்கே நின்ற கழுதை அதை நிதானமாக மென்று தின்றது. நான் தும்புத்தடியோடு ஓடிப் போவதற்குள் மூலை ஒன்றுதான் மிச்சம். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அடுத்த மட்டையை எடுத்து மறுபடி ஊறவைத்தாள், இந்தத் தடவை வீட்டுக்குள்ளே பாயில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு தேங்காய் வைத்தாள்.

அன்று பின்னேரமே இங்க் போத்தலும் போயிற்று. யன்னல் சீலை காற்றில் எழும்பி ஒரு அடி அடித்தது, போத்தல் மேசையில் இருந்து நிலத்துக்கு வந்து சிதறியது. சீமெந்துத் தரையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. இனி மன்னாருக்குப் போய்வர நேரமில்லை, சனிக்கிழமை காலையில் அவளுக்கு நேசரிப் பெற்றோர் கூட்டம். உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டே, "அவனுக்கு நான் ஒண்டு செய்ய வெளிக்கிட்டால் எல்லாம் எதிராத்தான் நிக்குது" என்றாள். அந்தச் சொல் எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று அவளுக்குத் தெரியாது.

சனிக்கிழமை அவள் கூட்டம் முடிந்து வரும்போது நான் கணவாய் கழுவிக்கொண்டிருந்தேன். மைப்பையைக் கிழியாமல் எடுத்து வீசுவதுதான் வழக்கம். பெற்றிசியா என் கையைப் பிடித்தாள்.

"எறியாதேங்கோ!"

ஆறு கணவாயின் மையையும் ஒரு சிரட்டையில் பிழிந்தாள். பழைய வேட்டித் துண்டில் வடித்து, கொஞ்சம் கோந்து, நாற்றம் போக இரண்டு கராம்பு. கடையில் வாங்கியது வெறும் கறுப்பு. இது கறுப்புக்குள் ஒரு மண்ணிறம் ஓடுகிற மை. அவள் தாளில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு எழும்பி நின்றாள், இருந்தாள், மறுபடி எழும்பினாள். "கடல் மை" என்றாள். எனக்கும் அவளுடைய கார்ட்டுப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. கணவாயை அப்படியே மூடி வைத்துவிட்டு, அண்ணன் வீட்டுக்குள் போய்க் கதவு யன்னல் எல்லாம் சாத்தினோம். உள்ளே அவிந்தது. வேர்வை தாளில் விழக்கூடாது என்று இரண்டு பேரும் நெற்றியில் துணி கட்டிக்கொண்டு, வேலைக்காரரைப் போல நின்றோம்.

முதலில் வலை. றொசாந்தனின் பழைய வலைத் துண்டொன்றை மட்டையின் மேல் இறுக்கி விரித்து, பஞ்சில் மை தொட்டு மெல்ல மெல்ல ஒற்றினாள். வலையை எடுத்தபோது நூல் இருந்த இடமெல்லாம் பழுப்புக் கோடு, கண்ணிகளுக்குள் மை. எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. பிறகு மீன். குழம்புக்கென்று நான் வாங்கி வைத்திருந்த விளைமீனைக் கேட்டாள். ஈரத்தைத் துடைத்து, செட்டை விரிந்து நிற்க அடியில் களிமண் வைத்து, உடம்பு முழுக்க மையை மெல்லிசாகப் பூசினாள். அதன் மேல் மெல்லிய தாளைப் போட்டு, தலையில் இருந்து வால் வரைக்கும் விரல் நுனியால் தடவினாள். முதல் தாளில் மை கூடி ஒரு கறுப்புத் திட்டு விழுந்தது. இரண்டாவதில் தாள் அசைந்து மீனுக்கு இரண்டு வால். மூன்றாவதை எடுக்கிற நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

"உள்ளுக்க என்ன மணக்குது?" றொசாந்தன். வழக்கம்போல ஆளை விட்டுக் கதவைத்தான் கேட்டான்.

"கணவாய் மோனை! நீ போய்க் குளி!" என்று நான் கத்தினேன். அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். திரும்பியதில் தாள் இழுபட்டு, அதுவும் பழுதாகிப்போயிற்று.

நாலாவது சரியாக வந்தது. ஒவ்வொரு செதிலும் எண்ணலாம் போல. கண் மட்டும் வெறுமையாக இருந்தது, அதை நெருப்புக்குச்சி முனையால் வரைந்து, நடுவில் ஒரு புள்ளி வெள்ளை விட்டாள். மீனைத் தாளோடு கிழித்து மட்டையில் ஒட்டினாள். கத்தரிக்கோலால் வெட்டவில்லை. அடிமட்டம் பிடித்துக் கிழித்தால் ஓரம் முரடாக நிற்குமாம், அது ஆண்பிள்ளைக்குப் பொருத்தமாம்.

"வெளிறிப்போய்க் கிடக்கு மச்சாள். சுத்திவரக் கறுப்பில ஒரு கரை போட்டால் எடுப்பா இருக்கும்."

இதைச் சொன்னது நான். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நான்தான். அவள் ஒரு விரல் அகலத்துக்கு நாலு பக்கமும் கரை இழுத்தாள். பிறகு நேசரியில் இருந்து கொண்டுவந்த அழிறப்பரில் பிளேட்டால் ஒரு நங்கூரம் செதுக்கி, மையில் தோய்த்து மேலே நடுவில் அழுத்தினாள். நங்கூரத்தின் கீழ் வளைவு சரியாக விழவில்லை, நடுத்தண்டும் குறுக்குத்தண்டும் மட்டும் தெளிவாக விழுந்தன. பரவாயில்லை என்று விட்டோம். மீனுக்குக் கீழே, படகில் பெயர் எழுதுகிற மாதிரிக் கொட்டை எழுத்தில் முழுப்பெயர், 'பஸ்ரியன் றொசாந்தன்'. அதற்கும் கீழே, பிறந்த அன்றில் இருந்து ஞாயிறோடு சரியாக இருபத்தொரு வருடம் என்று காட்ட, '13.07.2004 – 13.07.2025'.

பூ இல்லை, ரிபன் இல்லை, மினுக்கல் இல்லை. இரண்டு பேருக்கும் பெரிய திருப்தி.

உள்பக்கம்தான் மிச்சம். அவள் பேனையை மையில் தோய்த்தாள், தாளுக்குக் கொண்டுபோனாள், திரும்ப எடுத்தாள். மை காய்ந்தது. மறுபடி தோய்த்தாள். இப்படி எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை.

"என்ன மச்சாள், வாழ்த்துத்தானே? எழுதுங்கோவன்."

"வாழ்த்து எழுதலாம். இப்படிக்கு எண்டு போட்டு, பிறகு என்ன எழுதுறது? அம்மா எண்டு எழுத எனக்கு உரிமை இல்ல. சின்னம்மா எண்டு எழுதினால், கூப்பிடச் சொல்லிக் கேட்டு நிக்கிற மாதிரி. பெற்றிசியா எண்டு எழுதினால் ஆரோ பிறத்தியாள் குடுத்த மாதிரி."

நான் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். உங்களில் ஒரு பிழையும் இல்லை, அவனுடைய வாயைக் கட்டியது நான் என்று. "நேரமாகுது, கணவாய் பழுதாகப்போகுது" என்று சொல்லிவிட்டு வந்தேன். உள்பக்கத்தை அவள் வெறுமையாகவே விட்டாள்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து நாங்கள் இருவரும் முந்தி வீட்டுக்கு வந்தோம். றொசாந்தன் கோயில் வாசலில் கூட்டாளிகளோடு நின்றான். பெற்றிசியா கார்ட்டை விறாந்தை மேசையில் நிமிர்த்தி வைத்தாள், சரிபார்த்தாள், இடம் மாற்றினாள், மறுபடி பழைய இடத்தில் வைத்தாள். எங்களுக்குப் பின்னால் வந்த அண்ணன் படியேறும்போதே நின்றுவிட்டார்.

"ஆர் செத்தது?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் கிட்ட வந்து, குனிந்து பெயரை வாசித்தார். கடலில் எத்தனை புயலைப் பார்த்த மனுசன், முகத்தில் இரத்தம் இல்லாமல் போயிற்று. அப்போதுதான் எனக்கும் கண் திறந்தது. மேலே சிலுவை. சுற்றிவரக் கறுப்புக் கரை. கீழே கொட்டை எழுத்தில் பெயர், பிறந்த திகதி, ஒரு கோடு, இன்றைய திகதி. சந்தி மின்கம்பத்தில் கிழமைக்கு ஒன்று ஒட்டுகிற மரண அறிவித்தல் அப்படியே. படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு விளைமீன். மூன்று நாளாக மூக்குக்கு முன்னால் வைத்துக்கொண்டு, அதில் என்ன இல்லை என்பதை மட்டும்தான் பார்த்திருக்கிறோம்.

"நாலு வருசத்துக்கு முன்னம்தான் இதே மாதிரி ஒண்டை என்ர கையால கம்பத்தில ஒட்டினனான்" என்றார் அண்ணன். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "கடலுக்குப் போற பொடியன். அவன்ர பேரைக் கறுப்புக் கரைக்குள்ள எழுதி, செத்த திகதியும் போட்டிருக்கிறாய். உனக்கு அவன் என்ன செய்தவன், பெற்றிசியா?"

"அண்ணா, கரை போடச் சொன்னது நான்."

"நீ பேசாத!"

பெற்றிசியா கார்ட்டைப் பார்த்தபடியே நின்றாள். அவளுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. "அவன் காண முந்தி அடுப்பில போடுங்கோ" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். அங்கே எதற்கென்று தெரியாமல் தண்ணீர் அள்ளினாள், அள்ளியதைக் கிணற்றுக்குள்ளேயே ஊற்றினாள், மறுபடி அள்ளினாள். இனி இந்த வீட்டில் அவளுடைய கதை முடிந்தது என்று எனக்குப் பட்டது.

அண்ணன் கார்ட்டோடு குசினிக்குத் திரும்பவும் றொசாந்தன் படியேறவும் சரியாக இருந்தது. தகப்பன் கையைப் பின்னால் மறைத்தார். பெரிய மனுசனுக்கு மறைக்கத் தெரியாது. மகன் சுற்றிப் போய் வாங்கினான்.

பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான், தோள் குலுங்கியது. அழுகிறான் என்றுதான் நினைத்தேன். முந்தின நாள் மிச்சமாக மேசையில் கிடந்த மைச் சிரட்டையையும் பேனையையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கொண்டியைப் போட்டான்.

அண்ணன் கதிரையில் இருந்தார். நான் இருக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அந்தக் கதவடிக்கும் கிணற்றடிக்கும் இடையில் அலைந்தேன். அவளிடம் என்ன சொல்வது? கடைசியில் கதவில் வாயை வைத்தேன்.

"மோனை, கேக்குதோ? கலியாணத்தண்டு கோயிலுக்குப் பின்னால வைச்சு நான் உனக்கு ஒண்டு சொன்னனான். முறை சொல்லிக் கூப்பிடத் தேவையில்ல எண்டு. அது பிழை மோனை. எரிச்சலில சொன்னது. அவவில ஒரு குற்றமும் இல்ல. கார்ட்டுக்குக் கரை போடச் சொன்னதும் நான்தான். எல்லாம் நான்தான்."

உள்ளே பேனை கீறுகிற சத்தம். பிறகு, "பொறுங்கோ மாமி, எழுத்துப் பிழைக்கப்போகுது" என்று ஒரு குரல்.

இரண்டு வருடம் நெஞ்சில் சுமந்ததை இறக்கி வைத்தால், அதற்குக் கிடைத்த மறுமொழி இது. எனக்குக் கோபம்கூட வந்தது. என்ன எழுத்து, எதற்கு எழுத்து?

கால் மணித்தியாலம் கழித்துக் கதவு திறந்தது. விரல் பத்திலும் கணவாய் மை. ஒருவரையும் பார்க்காமல் வெளியே போய், கார்ட்டை உள்பக்கம் தெரிய விரித்து, ஊர் பார்க்கத் தெரு வாசல் படலையில் செலோரேப் போட்டு ஒட்டினான். காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலைக்கும் இரண்டிரண்டு. ஒட்டிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டான். அண்ணனுக்குக் கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாது. நான்தான் உரக்க வாசித்தேன்.

'பிறந்தநாள் அறிவித்தல்.

ஓலைத்தொடுவாயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட பஸ்ரியன் றொசாந்தன் அவர்கள் 13.07.2025 ஞாயிற்றுக்கிழமை இருபத்தொரு வயதை எய்தினார்.

அன்னார் பஸ்ரியன், காலஞ்சென்ற எமில்டா ஆகியோரின் அன்பு மகனும், பெற்றிசியா சின்னம்மாவின் சொல்வழி கேளாத மகனும், வாய்க்காரி பிரேமிளாவின் பாசமிகு மருமகனும் ஆவார்.

அன்னாரின் கேக் வெட்டல் இன்று பி.ப. 6 மணிக்கு அவரது இல்லத்தில் நடைபெறும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

தகவல்: சாகாதவர்.'

எங்கள் ஊரில் யாருக்கு யார் என்ன முறை என்பது ஐயம் திரிபில்லாமல் எழுத்தில் வருவது மரண அறிவித்தலில் மட்டும்தான். அதில் ஒரு பெயர் விடுபட்டுப் போனால் பத்து வருடத்துக்கு இரண்டு குடும்பம் பேசாது. ஒரு பெயர் ஏறிவிட்டால், பிறகு அதை எவராலும் இறக்க முடியாது. அண்ணன் என் கையைப் பிடித்து, "மகன் எண்ட வரியைத் திருப்பி வாசி" என்றார். வாசித்தேன்.

கிணற்றடிக்கு ஓடிப் போய்ப் பெற்றிசியாவை இழுத்து வந்தேன். சீலையெல்லாம் ஈரம். அவள் படலைக்கு முன்னால் நின்று, தன் நேசரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்துக்கொண்டு போனாள். எமில்டாவின் பெயரில் விரல் ஒரு கணம் நின்றது. அடுத்ததாகத் தன் பெயருக்கு வந்தாள், அதற்குப் பக்கத்தில் இருந்த சொல்லுக்கு வந்தாள். அதற்குப் பிறகு விரல் போகவில்லை.

"சின்னம்மா!"

குசினிக்குள் இருந்து றொசாந்தன் கூப்பிட்டான்.

"ஆறு மணிக்குக் கேக் எண்டு எழுதி ஒட்டிப்போட்டன். கேக் எங்க?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மூன்று நாளாக மையும் மீனுமாகக் கிடந்ததில் கேக் என்ற ஒன்றை அந்த வீட்டில் ஒருவரும் நினைக்கவில்லை.

"பொறு தம்பி, இனித்தான் அடிக்கவேணும். முட்டை இருக்கோ எண்டு பார்" என்று பெற்றிசியா சத்தம் கொடுத்தாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பிறந்த நாளில் இருந்து அவன் அப்படித்தான் கூப்பிட்டு வந்தவன் போல, ஈரச் சீலையை உதறிக்கொண்டு குசினிக்குள் போனாள். படலையைப் பிடித்துக்கொண்டு, ஒழுங்கையால் போகிறவர்கள் எல்லோரும் பார்க்க, அழுதுகொண்டு நின்றது நான்தான்.